காலிப் பெருங்காய டப்பா

எலிசபெத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நடுவில் அவள் படம். கையில் ராகி ரொட்டி, முகத்தில் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஒரு சிரிப்பு. எழுதிய பெண் எங்கள் தெருவுக்கு வந்தபோதெல்லாம் என் கடை வாசலில்தான் ஸ்கூட்டரை நிறுத்தினாள். "ஆன்ட்டி, வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். நானும் பார்த்துக்கொண்டேன். எலிசபெத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாளா? மூச்சு விடவில்லை. பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவளைத் தெரிந்தவள் இந்த பெங்களூர் மர்பி டவுனில் நான் ஒருத்திதான். கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

என் பெயர் சாந்தகுமாரி. சாந்தமெல்லாம் பெயரோடு சரி என்பார் என் வீட்டுக்காரர் கோவிந்தராஜன். அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அது. கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்கிறார். எங்களுடையது சாந்தா பேக்கரி. காரா பன், தேங்காய் பன், இனிப்புப் பூரணம் வைத்த தில்பசந்த், ரஸ்க், காரா பிஸ்கட். அவர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார்; மாவும் கல்லாவும் என் பொறுப்பு. எதிர்ச்சாரியில் எலிசபெத்தின் கடை. அதுவும் பேக்கரிதான், ஆனால் அதற்குள் கோதுமையும் மைதாவும் ரவையும் நுழையக்கூடாது. 'குளூட்டன் ஃப்ரீ' என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறாள். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒன்று சிலருடைய குடலுக்கு ஆகவே ஆகாதாம். முதலில் இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

நாங்கள் இரண்டு பேரும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் அப்பாக்கள் ஒரே ஷிஃப்டில் கீழே இறங்குவார்கள். அங்கே காற்று எழும்பினால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டி வைத்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி ஊர்மேல் இறங்கும். சோற்றிலும் தூசி, குடிக்கிற தண்ணீரிலும் தூசி. என் வீட்டில் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவோம். எலிசபெத் வீட்டில் அவள் அம்மா தாயம்மா ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுவார், குடத்துக்கு இரட்டைத் துணி போடுவார். என்ன கட்டி என்ன? அவள் அப்பா நெஞ்சில் சுரங்கத்துத் தூசி தங்கி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து எலிசபெத்துக்குத் தூசி என்றால் சத்துரு. எங்கே எது கெட்டுப்போனாலும் முதலில் தூசியைத்தான் தேடுவாள்.

அந்தக் காலத்திலேயே அவள்மேல் எனக்குப் பொறாமை. மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கு இடுப்புவரை முடி, எனக்கு எலிவால். அவள் சர்ச்சில் பாடினால் கோயிலுக்குப் போகிற என் அம்மாகூட வாசலில் நின்று கேட்பாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "அந்தப் பொண்ணு எவ்ளோ அடக்கமா இருக்குது பாருடி" என்பாள். பெற்றவளே இப்படிச் சொன்னால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் வயசுக்காரர்கள் பாதிப் பேர் மாரிக்குப்பம் ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்தோம், பிறகு இங்கேயே கல்யாணம், குடித்தனம். என்னைத் துரத்திக்கொண்டு அவளும் மர்பி டவுனுக்கே வந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவளுக்கு இங்கே வீடு பார்த்துக் கொடுத்தது நான். பொறாமை வேறு, பக்கத்தில் அவள் இல்லாமல் பொழுது போகாதது வேறு.

அவள் வீட்டுக்காரர் விஜய்குமார் கார் ஓட்டுகிறார். எலிசபெத் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தாள். அவள் மகன் ஆஷ்லி பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் கடைக்கு வந்துவிடுவான். சூடான காரா பன்னைப் பிய்த்து நான்தான் அவன் வாயில் வைப்பேன். 'பன் ஆன்ட்டி' என்றே என்னைக் கூப்பிடுவான். ஆனால் பிள்ளை தேறவே இல்லை. வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சியாக இருந்தான். சளி என்றார்கள், பூச்சி என்றார்கள், திருஷ்டி என்று நானே மிளகாய் சுற்றிப் போட்டேன். கடைசியில் ஒரு டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, இது சீலியாக், ஆயுசுக்கும் கோதுமை கூடாது, மைதா கூடாது, அந்தத் தூசி பட்ட பாத்திரம்கூட ஆகாது என்று சொல்லிவிட்டார்.

நான் ஆசையாக ஊட்டிய பன்தான் அந்தப் பிள்ளைக்கு விஷமாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எலிசபெத் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உனக்கு எப்படிடி தெரியும், சாந்தா?" என்று என் கையைப் பிடித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு திட்டி, அழுது, சரியாகப் போயிருக்கும். அவள் திட்டவில்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான்.

பிறகு அவளே வீட்டில் ரொட்டி சுட ஆரம்பித்தாள். ராகி, சாமை, சோளம் என்று எதை எதையோ கலந்தாள். கோதுமையில் இருக்கிற பிசுபிசுப்பு இல்லாமல் மாவு எப்படி எழும்பும்? சுட்டதை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாள்.

"எப்படிடி இருக்குது? உள்ளதச் சொல்லு."

"கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றேன் நான்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். மறுபடி கொண்டுவந்தாள். ஒரு நாள் இசப்கோல் உமியைக் கலந்திருந்தாள். மலச்சிக்கலுக்கு ராத்திரி தண்ணீரில் கரைத்துக் குடிப்போமே, அதேதான். அது மாவைப் பிடித்துக்கொண்டது. ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது. என் வாயில் அடுத்த கேலி தயாராக இருந்தது, மென்று முழுங்கினேன்.

கடை திறந்தாள். என் கடைக்கு எதிரிலேதான் இடம் கிடைத்ததாம், மொத்த பெங்களூரிலும் வேறு இடமே இல்லாத மாதிரி. வெளி மில்லில் கோதுமை அரைத்த கல்லிலேயே ராகியும் அரைப்பார்கள் என்று சொந்தமாகச் சின்ன அரைவை மெஷின் போட்டாள். அதோடு விட்டாளா? பிளாஸ்டிக் கிடையாது. டப்பா கொண்டுவந்தால்தான் பிஸ்கட். அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு. தவிடு மாட்டுக்காரருக்கு. மிஞ்சிய ரொட்டி மறுநாள் ரஸ்க். ஜூஸ் கடையிலிருந்து ஆரஞ்சுத் தோலை வாங்கி ஊறவைத்து அந்தத் தண்ணீரில் தரை துடைக்கிறாள். குப்பை வண்டிக்காரர் என் கடை வாசலில் மூக்கைச் சுளிப்பார். அவள் வாசலில் குட்மார்னிங் சொல்லுவார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து லாயிட் சார் என்று ஒரு பெரியவர், என்னிடம் வருஷக் கணக்காகத் தில்பசந்த் வாங்கியவர், கையில் எவர்சில்வர் டப்பாவோடு என் கடையைத் தாண்டிப் போனார். "மேடம், டாக்டர் சொல்லிட்டார்" என்றார் என்னிடம். டாக்டர் சொன்னாரோ, ஊரே போகிறது என்று போனாரோ, யார் கண்டது?

வாடிக்கை போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். என் மகள் போனாளே, அதைச் சொல்லுங்கள்.

வைஷ்ணவி எங்களுக்கு ஒரே பெண். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு என் கூடவே கடையில் நிற்பாள் என்று நினைத்திருந்தேன். வந்து நின்றதும் ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் கவரை நிறுத்தணும், டால்டாவை விடணும், சிறுதானியத்தில் ஏதாவது போடணும். எலிசபெத் ஆன்ட்டி அப்படிச் செய்கிறார், எலிசபெத் ஆன்ட்டி இப்படிச் செய்கிறார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என் கடைக்கு இன்னாடி கொறைச்சல்? சாந்தா பேக்கரின்னா அல்சூர் வரைக்கும் தெரியும்!"

"பேரு மட்டும்தான்ம்மா தெரியும். நம்ம கடை காலிப் பெருங்காய டப்பா. வாசனைதான் மிச்சம், உள்ள ஒண்ணும் இல்ல."

"அப்படின்னா போ. அவ கிட்டயே போ" என்றேன்.

கோபத்தில் சொன்னேன். போ என்றால் போய்விடுவதா? போய்விட்டாள். மறுநாளே எதிர்க்கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள். கல்லாவில் உட்கார்ந்தால் எனக்கு நேர் எதிரே அவள் முதுகு. என்னிடம் உம்மென்று இருந்தவள் அங்கே வாய் ஓயாமல் பேசினாள். ஒரு நாள் எலிசபெத் உள்ளேயிருந்து கூப்பிட, "இதோ வரேம்மா" என்று ஓடினாள். அம்மா! தெருவில் கீரைக்காரியையும் நாம் அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அந்த ஒரு சொல் என் நெஞ்சில் போய்க் குத்தியது. அன்றைக்குச் சில்லறை கேட்ட ஒரு ஆளை நான் காரணமே இல்லாமல் காய்ச்சி எடுத்தேன்.

அப்புறம் வந்தது காரா பிஸ்கட். எலிசபெத் கடையில் புதுசாகப் போட்டிருக்கிறார்கள், பிரமாதமாக இருக்கிறது என்று தெருவெல்லாம் பேச்சு. ஒரு மத்தியானம் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் திரும்பி நின்று எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"இன்னாங்க அது?"

"ஒண்ணுமில்ல... வைஷு குடுத்தா." முழுங்கிவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உன்னுது மாதிரியே இருக்குது சாந்தா" என்றார்.

அவர் கையில் இருந்ததைப் பிடுங்கி வாயில் போட்டேன். மாவு வேறு, நறநறப்பு வேறு. ஆனால் பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பின்னால் எழும்பி வருகிற அந்தப் பெருங்காயம், எல்லாம் என் கைப்பக்குவம். வீட்டுக்கு வந்த வைஷ்ணவியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பிஸ்கட்டையும் திருடிக்கினு போயிட்டியா? வெக்கமா இல்ல?"

அவள் சண்டைக்கு வரவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தோம்மா. நீ செய்யற வாசனை வரவே இல்ல. கடைசியில நம்ம பெருங்காய டப்பால இருந்து கொஞ்சம் எடுத்துட்டுப் போனேன். அதுக்கப்புறம்தான் வந்துது."

நான் முகத்தைக் கடுப்பாகவே வைத்துக்கொண்டேன். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியும். அவ்வளவு பெரிய எலிசபெத்தம்மாளுக்கும் என் பெருங்காயம் இல்லாமல் நடக்கவில்லை. நான் சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஒரு பாயிடம்தான் கட்டிப் பெருங்காயம் வாங்குவேன். எண்ணெயில் பொரித்து, இடித்து, ஒரு பித்தளை டப்பாவில் வைப்பேன். அந்த மாதிரியே இன்னொரு சின்ன டப்பாவில் நிரப்பி வைஷ்ணவி கையில் கொடுத்தேன். "தீர்ந்தா வந்து வாங்கிக்கோ. திருடாத" என்றேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை ஆனால் டப்பாவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவாள். நான் நிரப்புகிற நேரம் ஸ்டூலில் உட்காருவாள். ரெண்டு வார்த்தை பேசுவாள். நான் வேண்டுமென்றே மெதுவாக இடிப்பேன். ஒரே வீட்டில் இருந்தும் முகம் கொடுக்காத பெண்ணை அந்த டப்பா எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஆஷ்லிக்கு மறுபடி உடம்பு கெட்டது. இப்போது காலேஜில் பி.யூ.சி. படிக்கிறான், மீசை முளைத்த பிள்ளை. பழையபடி வயிறு உப்பியது, சாப்பிட்டது தங்கவில்லை, கன்னம் ஒட்டிப்போனது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, பையன் எங்கேயோ கோதுமை சாப்பிடுகிறான் என்றாராம். அவன் சத்தியம் செய்தான், வெளியே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று. அம்மா கடைப் பண்டம்தான் சாப்பிடுகிறான். அப்படியானால் கடைக்குள்தான் எங்கேயோ கோதுமை இருக்கிறது.

எலிசபெத் கடையையே கவிழ்த்துப் போட்டாள். மெஷினைக் கழற்றிக் கழுவினாள். மாவு மூட்டைகளை மாற்றினாள். சுவரைத் துடைத்தாள். ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் அவள் கண் எங்கே போகும்? தூசி. சாந்தா பேக்கரி வீட்டில் தூங்கி எழுந்து வருகிற பெண்ணின் தலைமுடியில், துப்பட்டாவில், செருப்பில் இருக்கிற மைதாத் தூசி.

வைஷ்ணவி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி கொஞ்ச நாள் வர வேணாம்னாங்க. நம்ம வீட்டு மாவு என்மேல ஒட்டிட்டு வருதாம்."

நான் நடுத்தெருவுக்குப் போய் நின்றேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். "ஏய் லிஸ்ஸி! என் பொண்ணு இன்னா தூசியாடி உனக்கு? துடைச்சுப் போட்டுட்ட? உழைக்க மட்டும் வேணும், அப்புறம் வேணாமா? வெளிய வாடி!"

அவள் வாசலுக்கு வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள், முகம் செத்துப்போயிருந்தது. "பையன் எலும்பும் தோலுமா இருக்கான் சாந்தா. எனக்கு வேற எதுவும் தோணல" என்றாள். திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள். திட்டுகிறவளுக்கு அதில் என்ன சுகம்? தெருவே வேடிக்கை பார்த்தது. நான் திரும்பி வந்தேன்.

ஆத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் மகள் என் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே கும்மாளம். அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். முதலில் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவிவிட்டாள். ஒரு நாள் நானே பிளாஸ்டிக் கவரை ஓரம் கட்டிவிட்டு, பேப்பர் கவர் வாங்கி அடுக்கினேன். பார்த்தாள். அதில் ஒரு பன்னைப் போட்டு, மடித்துப் பார்த்தாள். "ம்மா, மிஞ்சற பன்னைக் குப்பையில போட வேணாம், ரஸ்க் போடலாம்" என்றாள். போடலாம் என்றேன். "டால்டாவைக் கம்மி பண்ணலாமா?" பண்ணலாம் என்றேன். என் வீட்டுக்காரர் அடுப்பங்கரையிலிருந்து தலையை நீட்டி, இது நம் சாந்தாதானா என்று பார்த்தார். எதிர்க்கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பையன் தேறுகிறவரை கடையே வேண்டாம் என்று எலிசபெத் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நான் உச் கொட்டினேன். ஆனால் அன்றைக்குக் காரா பன் நன்றாக உப்பி வந்த மாதிரி இருந்தது.

பெருங்காயம் தீர்ந்தது. சிவாஜிநகருக்குப் போனேன். போன தடவை வாங்கியதில் வாசனையே இல்லை, அதற்குப் பாயை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று போகும்போதே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"இன்னா பாய் இது, பெருங்காயமா களிமண்ணா? காசு மட்டும் சரியா எண்ணி வாங்கறீங்க!"

"அரே அம்மா, நான் இன்னா பண்றது? கம்பெனிக்காரன் இந்தத் தபா மைதா ஜாஸ்தி போட்டுட்டான்."

"மைதாவா?"

"மைதா இல்லாம பெருங்காயம் எங்கம்மா இருக்கு? சுத்தமானதை நாக்குல வெச்சா தாங்குவீங்களா? மைதா, கோந்து எல்லாம் போட்டுப் பிசைஞ்சாதான் கட்டியா வரும். இத்தனை வருஷமா வாங்கறீங்க, தெரியாதா?"

கட்டியைக்கூட வாங்காமல் வந்து ஆட்டோவில் உட்கார்ந்தேன்.

தூசி இல்லை. டப்பா. எலிசபெத் எந்தப் பாக்கெட் வந்தாலும் பின்பக்கம் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுப் படிக்காமல் உள்ளே விடமாட்டாள். ஆனால் நான் கொடுத்த டப்பாவில் படிக்க என்ன இருந்தது? அது சாந்தா கொடுத்தது. பெருங்காயத்தில் மாவு இருக்கும் என்று எந்தத் தமிழச்சிக்குத் தோன்றும்? ஆஷ்லிக்கு அந்தக் காரா பிஸ்கட் என்றால் உயிர். தினமும் டப்பாவில் போட்டுக் காலேஜுக்கு எடுத்துப் போவான். முதல் தடவை பன். இந்தத் தடவை பெருங்காயம். ரெண்டு தடவையும் என் கை.

ஆட்டோ அல்சூர் பக்கம் திரும்புகிறவரை எனக்கு நானே என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தில் எவ்வளவு மைதா இருந்துவிடப் போகிறது? நான் சொன்னால் வைஷ்ணவி மேல் இருக்கிற பழி போய்விடும். பழி போனால் அவள் அந்தப் பக்கம் போய்விடுவாள். சொல்லாவிட்டால்? எலிசபெத் எப்படியும் கடையை மூடப்போகிறாள். மூடினால் பிஸ்கட்டும் நிற்கும், பையனும் தானாகத் தேறுவான், என் பெண்ணும் என்னிடமே இருப்பாள். எல்லாருக்கும் நல்லதுதானே? இப்படி ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

தெருமுனையில் இறங்கினேன். பாதி இறங்கிய ஷட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆஷ்லி உட்கார்ந்திருந்தான். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்றே தெரியவில்லை. மடியில் ஒரு டப்பா. அதிலிருந்து ஒரு காரா பிஸ்கட்டை எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "பன் ஆன்ட்டி, வெயில்ல எங்க போயிட்டு வரீங்க?" என்று சிரித்தான்.

பாய்ந்து போய் அந்த டப்பாவைத் தட்டிவிட்டேன். பிஸ்கட் எல்லாம் தெருவில் சிதறியது.

"துப்புடா! வாயில இருக்கறதைத் துப்பு!"

சத்தம் கேட்டு எலிசபெத் குனிந்து வெளியே வந்தாள். "இன்னாடி, பைத்தியம் புடிச்சிடுச்சா?"

"கிட்ட வராத. என்மேல மைதா இருக்குது. அங்கயே நின்னு கேளு. தூசி இல்லடி. பெருங்காயம். நான் குடுத்தேனே, அந்தப் பெருங்காயத்துல மைதா."

"பெருங்காயம் செடில வடியற பாலுடி."

"பாலை யாரு அப்படியே விக்கறான்? மைதாவைப் போட்டுப் பிசைஞ்சுதான் கட்டி ஆக்கறானாம். இப்பதான் பாய் சொன்னாரு."

எலிசபெத் சிதறிக் கிடந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த இடுப்புவரை முடிக்காரி, அடக்கமானவள், சர்ச்சில் பாடுகிறவள், வாயைத் திறந்தாள்.

"அறிவு கெட்ட முண்டமே! இத்தனை வருஷமா பேக்கரி நடத்தற, பெருங்காயத்துல இன்னா இருக்குதுன்னு தெரியாதா உனக்கு? என் புள்ளைய ரெண்டாவது தபா சாவடிக்கப் பாத்தியேடி!"

"உனக்குத் தெரிஞ்சுதா? அதான் பெரிய படிப்பாளியாச்சே, எல்லாப் பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிக்கறவ! என் டப்பாவை ஏன்டி படிக்கல?"

"நீ குடுத்ததாச்சேன்னு விட்டேன்டி, சனியனே!"

ரெண்டு பேரும் நடுத்தெருவில் நின்று கத்தினோம். பன் காலத்தில் திட்டாமல் விட்டதையும் சேர்த்து அவள் திட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கும்தான். ஆஷ்லி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போய் வாய் கொப்பளித்தான்.

எதிரே என் கடை வாசலில் வைஷ்ணவி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எலிசபெத் அவளைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். "கண்ணு, தப்பு என்மேலதான். உன்னைப் போய்ச் சொல்லிட்டேன்." வைஷ்ணவி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயாவே வந்து சொன்னியாம்மா?"

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரியா வந்து சொல்லுவா?"

இனிமேல் நான் உன் கூடவே இருக்கேம்மா என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னதற்கு அதுதான் நியாயமான கூலி என்றுகூட எனக்குப் பட்டது. அவள் என் கடைக்குள் போய், என் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கைகால் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். ஷட்டர் முழுசாக மேலே ஏறியது.

ஆஷ்லி மெல்ல மெல்லத் தேறினான். எலிசபெத் பெருங்காயத்தை விலக்கிவிட்டு வேறு விதமாகக் காரா பிஸ்கட் போட ஆரம்பித்தாள். 'பெருங்காயத்தைக்கூட விடாமல் ஆராய்கிற கவனம்' என்று பத்திரிகைக்காரி ஒரு வரி எழுதியிருக்கிறாள். யார் ஆராய்ந்தார்களாம்? சிவாஜிநகர் வரை ஆட்டோவில் போனவள் யாராம்? என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன்.

தெருவில் கத்திக்கொண்ட அந்த வாரம், சனிக்கிழமை வைஷ்ணவி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். டப்பாவுக்குத்தான் வேலை இல்லையே. ஆனாலும் ஸ்டூலைத் துடைத்து வைத்தேன். வந்தாள். கையில் அதே டப்பா, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று.

"இதை இனிமே அங்க வெச்சுக்க முடியாதும்மா. ஆன்ட்டி திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க."

எங்கள் லைன் வீடுகளில் வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. எலிசபெத் அதை மறக்கவில்லை. டப்பாவைத் திறந்தால் உள்ளே புதுக் காரா பிஸ்கட். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். பூண்டு போட்டிருந்தாள், ஓமம் போட்டிருந்தாள். என் வாசனை ஒரு துளி இல்லை. என் பெருங்காயம் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேனே, நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் வெட்கம், என்னுடையதைவிட ஒரு பங்கு நன்றாகவே இருந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது.

வைஷ்ணவி ஸ்டூலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிம்மா இருக்கு? உள்ளதச் சொல்லு."

"உப்பு பத்தல" என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் உப்பைக் கூட்டிப் போட்டு இன்னொரு தடவை கொண்டுவந்தாள். உட்கார்ந்து, நான் மென்று முடிக்கிறவரை காத்திருந்தாள். காரம் பத்தவில்லை என்றேன். அதற்கடுத்த நாள் மிளகாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து நானும் விடாமல் ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போது ஓமம் தூக்கலாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.